உள்ள மடிச்சு விட்ட துணி

எங்க வீட்டு பீரோ மேல்தட்டுல ஒரு துணிப்பை இருக்கு, உள்ள ஏழு பிளவுஸ். எல்லாம் நல்ல பட்டு. ஒண்ணு கூட இப்ப எனக்குப் பத்தாது. தூக்கிப் போடவும் இல்ல, யாருக்கும் குடுக்கவும் இல்ல, பிரிச்சுத் தைக்கவும் இல்ல. பத்து கிலோ குறைஞ்சதும் போட்டுக்கலாம்னு எடுத்து வச்சது. அந்தப் பத்து நடுவுல பதினஞ்சாச்சு, அப்புறம் பன்னெண்டாச்சு, இப்ப எடை மெஷின்ல ஏறுறதயே விட்டாச்சு. வருஷம் மட்டும் பாட்டுக்கு ஓடிருச்சு.

நான் எழுத வந்தது பிளவுஸப் பத்தி இல்ல, அமெரிக்கால ஒரு ரியாலிட்டி ஷோக்காரியப் பத்தி. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

பேரு விட்னி வே தோர். 1984ல பொறந்தவ, ஊரு நார்த் கரோலினால கிரீன்ஸ்பரோ. அவங்க இவங்கன்னு மரியாதையா எழுதலாம்னு ஆரம்பிச்சேன், வரல. வருஷக்கணக்கா ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் போர்வைக்குள்ள போன வச்சுப் பாத்துட்டே தூங்கிப்போன முகம், "அவ"ன்னுதான் வருது, என்ன பண்ண.

நான் அவள முதல்ல பாத்தது ஷோவுல இல்ல, ஒரு வீடியோவுல. 2014ல அவ ஊர் எஃப்எம் ஸ்டேஷன்ல காலைல வர்ற ப்ரோக்ராமுக்கு ப்ரொட்யூசரா இருந்தா. அந்த ப்ரோக்ராமுக்காக "ஒரு குண்டுப் பொண்ணு ஆடுறா"ங்கற அர்த்தத்துல தலைப்பு வச்சு தான் ஆடுன டான்ஸ யூடியூப்ல போட்டா. உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம், எடை 380 பவுண்டு வாக்குல, நம்ம கணக்குல 170 கிலோவுக்கு மேல. பக்கத்துல டாட்னு ஒரு ஃப்ரெண்ட், வாட்டசாட்டமா இல்லாம சாதாரணமா இருப்பான், அவனும் கூட ஆடுறான். எனக்கு அத அனுப்பினவ சிரிப்பு எமோஜி மூணு போட்டுத்தான் அனுப்பினா. நானும் சிரிக்க ரெடியாத்தான் திறந்தேன், உண்மையச் சொல்லணும்ல.

ஆனா சிரிக்க முடியல. ஏன்னா அவ நல்லா ஆடுறா! குண்டா இருந்தும் நல்லா ஆடுறாங்கற தயவு தாட்சண்யமெல்லாம் இல்ல, கவுண்ட் தப்பல, திரும்புற இடத்துல டக்குனு நிக்குறா, கை முடியுற இடம் வரைக்கும் அசைவு போகுது, சின்ன வயசுலேருந்து முறையா கத்துக்கிட்டவங்களுக்குத்தான் அப்படி வரும். முகத்துல ஒரு திமிரு வேற. பாட்டு முடியும்போது மூச்சு வாங்குது, அதயும் மறைக்கல. இப்படி ஒரு உடம்ப நான் அதுவரைக்கும் ரெண்டே இடத்துலதான் பாத்திருக்கேன், ஒண்ணு சினிமால காமெடி ட்ராக்ல, ஹீரோவோட ஃப்ரெண்ட் தலைல கட்டி வைக்கிறதுக்குன்னே எழுதுன பொண்ணு. இன்னொண்ணு பஸ்ஸுல ஒட்டியிருக்கிற எடை குறைப்பு நோட்டீஸ்ல, "முன்", "பின்"னு ரெண்டு போட்டோ இருக்கும்ல, அதுல "முன்". "முன்" போட்டோல இருக்கிறவ எப்பவும் சோகமாத்தான் நிப்பா, வெளிச்சம் கூட கம்மியாத்தான் இருக்கும். இந்தப் பொண்ணு "முன்"லயே நின்னுக்கிட்டு ஆடிட்டிருந்தா.

வீடியோ உலகம் பூரா ஓடுச்சு, டிவிக்காரங்க கூப்பிட்டாங்க, 2015 ஜனவரில டிஎல்சி சேனல்ல ஷோ ஆரம்பிச்சிருச்சு. "மை பிக் ஃபேட் ஃபேபுலஸ் லைஃப்"னு பேரு. ஒரு சீசன்ல முடிஞ்சிரும்னுதான் நினைச்சேன், பத்து சீசனத் தாண்டிப் போயாச்சு.

அவ கதைய ஷோ பாத்தவங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பள்ளிக்கூட வயசுல ஒல்லியாத்தான் இருந்தா, ஆனா அப்பவே தான் குண்டுங்கற நினைப்பு, சாப்பிட்டத வாந்தி எடுக்கிற பழக்கம் வரைக்கும் போயிருக்கு, அவளே வெளிப்படையா சொன்னதுதான். அப்புறம் அப்பலேச்சியன் ஸ்டேட் யுனிவர்சிட்டில நாடகம் படிக்கப் போறா. முதல் வருஷத்துலயே உடம்பு ஏற ஆரம்பிக்குது, ஒரு வருஷத்துல 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. யோசிச்சுப் பாருங்க, செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வர்ற பொண்ண அம்மா அப்பாவுக்கே அடையாளம் தெரியாத மாதிரி. எல்லாரும் நினைச்சது ஹாஸ்டல்ல கண்டதத் தின்னு பெருத்துட்டான்னு, அவளும் அப்படித்தான் நினைச்சா. சில வருஷம் கழிச்சுதான் அதுக்கு ஒரு பேரு கிடைச்சுது, பிசிஓஎஸ்.

இங்கதான் நான் நிமிந்து உக்காந்தேன். எனக்கும் அதே பேருதான்.

பிசிஓஎஸ்னா சினைப்பைல நீர்க்கட்டின்னு நம்மூர்ல ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. அது உண்மைல கட்டியே இல்ல, முழுசா வளராம பாதில நின்னுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள், ஸ்கேன்ல வரிசையா கறுப்பு கறுப்பா தெரியும். 1935ல சிகாகோல ஸ்டெயின், லெவெந்தால்னு ரெண்டு டாக்டர்ங்க எழுதி வச்ச நோய், பேரே தப்பா விழுந்துபோச்சு. விஷயம் நிறைய பேருக்கு இன்சுலின்லதான் ஆரம்பிக்குது. உடம்பு இன்சுலின் சொல்றதக் கேக்க மாட்டேங்குது, அதனால இன்னும் அதிகமா சுரக்குது, அந்த அதிக இன்சுலின் சினைப்பையத் தூண்டி ஆண் ஹார்மோன கூட்டுது, அதனால பீரியட்ஸ் தள்ளிப்போகுது, தாடைல முடி வருது, தலைல முடி போகுது, எடை ஏறுது, ஏறுன எடை இன்சுலின இன்னும் கெடுக்குது, இப்படி செக்கு மாடு மாதிரி சுத்திட்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிற பொண்ணுங்கள்ல பத்துல ஒருத்தர் வாக்குல இது இருக்கு, அதுல 70 சதவீதம் பேரு வரைக்கும் தனக்கு இருக்குன்னே தெரியாம இருக்காங்க.

எனக்கு இதச் சொன்ன டாக்டரம்மா ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்துட்டு என்னப் பாக்காமலே சொன்ன வாக்கியம் இன்னும் ஞாபகம் இருக்கு: "முதல்ல எடையக் குறைச்சுட்டு வாங்க, மத்ததெல்லாம் தானா சரியாயிடும்." எடை ஏறுறதே அந்த நோயாலதான்னா அத எப்படிம்மா முதல்ல குறைக்கிறதுன்னு கேக்கத் தோணல அப்போ. தலையாட்டிட்டு வந்துட்டேன். வெளில வந்து ரிப்போர்ட்ட சுருட்டி ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு ரெண்டு பஜ்ஜி சாப்பிட்டேன், அதயும் சொல்லிடறேன்.

விட்னி ஷோவுல தன் மொகத்துல வளர்ற முடியப் பத்தியும் தலைமுடி கொட்டுறதப் பத்தியும் கேமரா முன்னாடி பேசினா பாருங்க, அது எனக்கு அந்த டான்ஸ விட பெரிய விஷயம். பார்லர்ல "த்ரெட்டிங்கா மேடம்"னு கேக்குறப்ப "புருவம் மட்டும்"னு சத்தமா சொல்லிட்டு, அப்புறம் குரலக் குறைச்சு "தாடைலயும் கொஞ்சம்"னு சொல்லிட்டிருந்த ஆளு நான். கிசுகிசுன்னு சொல்ற ஒரு விஷயத்த ஒருத்தி தேசிய டிவில, என்னமோ தக்காளி விலை சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறா.

ஷோவோட தரத்தப் பத்தி பெருசா பாராட்ட ஒண்ணும் இல்ல. ரியாலிட்டி ஷோன்னா என்னவோ அதான். காதல், பிரிவு, ஃப்ரெண்டுங்க நடுவுல சண்டை, பாரிஸ்ல ஈஃபில் டவர்கிட்ட நிச்சயம், சில மாசத்துல நிச்சயம் முறிவு, அதுக்கு மேல ரெண்டு எபிசோடு அழுகை. சில சீசன் எல்லாம் நான் ஓட்டி ஓட்டித்தான் பாத்தேன். ஆனா அந்த சேனலப் பத்தி ஒண்ணு சொல்லணும். டிஎல்சின்னா தி லேர்னிங் சேனல். 1972ல அமெரிக்க அரசாங்கமும் நாசாவும் சேந்து, அப்பலேச்சியா மலைக்கிராமத்து ஜனங்களுக்கு சாட்டிலைட் வழியா படிப்பு சொல்லிக் குடுக்கன்னு ஆரம்பிச்சது. அதே மலைல இருக்கிற காலேஜ்ல படிச்ச பொண்ணுதான் நாப்பது வருஷம் கழிச்சு அதே சேனல்ல குண்டா இருக்கிறதுக்காக ஃபேமஸ் ஆகுறா. சாட்டிலைட் விட்டவங்க பாத்தா என்ன நினைப்பாங்களோ. இதே சேனல்தான் 2012லேருந்து 600 பவுண்டு எடை உள்ளவங்களக் காட்டுற இன்னொரு ஷோவும் ஓட்டுது, அதுல உடம்பு ஒரு தண்டனை, குளிக்க முடியாம கஷ்டப்படுறதுலேருந்து காட்டி டாக்டர்கிட்ட திட்டு வாங்கி ஆபரேஷன்ல முடியும். ஒரே கடைல ரெண்டு சரக்கு. ஒண்ணுல குண்டு உடம்பப் பாத்துப் பதறணும், இன்னொண்ணுல கை தட்டணும். ரெண்டுக்கும் நடுவுல விளம்பரம் வந்துரும்.

இந்த இடத்துலதான் தொழில் உள்ள வருது.

விட்னி ஷோவுக்கு முன்னாடியே நோ பாடி ஷேம்னு ஒரு பிரச்சாரம் வச்சிருந்தா, உடம்ப வச்சு யாரும் கூனிக் குறுகத் தேவையில்லன்னு. அப்புறம் கிரீன்ஸ்பரோல பெரிய உடம்புக்காரங்களுக்குன்னே டான்ஸ் கிளாஸ் நடத்தினா. அதுவே அப்புறம் வளந்து நோ பிஎஸ் ஆக்டிவ்னு ஒரு ஆன்லைன் ஃபிட்னஸ் கம்பெனியாச்சு, அதுக்காக சார்லட் நகரத்துக்கு வீடே மாத்திப் போனா. நோ பாடி ஷேமோட முதல் எழுத்தும் அதுதான், இங்கிலீஷ்ல பிஎஸ்னா கப்ஸா, புருடான்னு ஒரு கெட்ட வார்த்தையும் அதுதான், பேரு வச்சவன் கெட்டிக்காரன். சந்தா கட்டினா வீட்டுல இருந்தே வீடியோ பாத்து எக்ஸர்சைஸ் பண்ணலாம், முன்னாடி நிக்கிறது விட்னி. அவளும் ட்ரெயினரும் பக்கத்துப் பக்கத்துல நிப்பாங்க, அவ அளவுக்கு எப்படி செய்யணுமோ அப்படி செஞ்சு காட்டுவா.

நான் இதுக்கு முன்னாடி ஃபோன்ல பாத்த ஒர்க்அவுட் வீடியோ எல்லாத்துலயும் வயிறு பலகை மாதிரி இருக்கிற ஒரு பொண்ணு "கமான், யூ கேன் டூ இட்"னு கத்தும். குனிஞ்சு கால் விரலத் தொடுங்கம்பா. எனக்கும் கால் விரலுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியவே தெரியாது. தொடை உரசுற எரிச்சல் தெரியாது, குதிக்கும்போது மார்பு ஒரு பக்கம் வயிறு ஒரு பக்கம் குதிக்கிறது தெரியாது. விட்னிக்குத் தெரியும். தொப்பைய ஒரு கைல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கால் தூக்குறதெல்லாம் அவளுக்கு அன்னாட வாழ்க்கை. அந்த விதத்துல அந்தக் கம்பெனி உண்மையாவே ஒரு தேவையப் புடிச்சிருக்கு, ஜிம்காரங்க யாரும் மதிக்காத ஒரு கஸ்டமரப் புடிச்சிருக்கு.

ஆனா ஒரு நெருடல். ஷோவுல அந்தக் கம்பெனியும் ஒரு கதாபாத்திரம் ஆயிருச்சு. பார்ட்னரோட மனஸ்தாபம், எங்க ஆபீஸ் போடுறது, யாரு எவ்வளவு வேலை பாக்குறதுன்னு எல்லாமே எபிசோடு. சண்டை வந்தா ஷோவுக்கு லாபம், ஷோ ஓடினா கம்பெனிக்கு விளம்பரம். அவளோட முதலீடு பணம் இல்ல, உடம்புதான். உடம்ப வச்சு ஷோ, ஷோவ வச்சு கம்பெனி, கம்பெனில விக்கிறதும் அந்த உடம்பு பண்ற எக்ஸர்சைஸ். தப்புன்னு சொல்ல வரல. ஒல்லியா இருக்கிறவங்க நூறு வருஷமா பண்றதுதானே. ஆனா எங்க வாழ்க்கை முடிஞ்சு எங்க வியாபாரம் ஆரம்பிக்குதுன்னு அவளுக்கே ராத்திரி படுக்கும்போது தெரியுமான்னு யோசிச்சிருக்கேன்.

இவளாவது பரவால்ல, குளோயி கர்தாஷியன எடுத்துக்கங்க, குடும்பமே ரியாலிட்டி ஷோல ஃபேமஸ் ஆன அமெரிக்காக்காரி. அந்தக் குடும்பத்துலயே "குண்டு தங்கச்சி"ன்னு பத்திரிகைக்காரங்க வருஷக்கணக்கா கிண்டல் பண்ண பொண்ணு. 2016 அக்டோபர்ல எம்மா கிரீடங்கறவங்களோட சேந்து குட் அமெரிக்கன்னு ஜீன்ஸ் பிராண்ட் ஆரம்பிச்சுது, 00லேருந்து 24 வரைக்கும் எல்லா சைஸும், முதல் நாளே 10 லட்சம் டாலருக்கு வித்துதுன்னு எல்லாரும் எழுதினாங்க. அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், எங்க ஜீன்ஸ விக்கணும்னா எல்லா சைஸையும் ஒரே இடத்துல வைக்கணும்னு கடைக்காரங்ககிட்ட கறாரா சொன்னாங்க, பெரிய சைஸ மட்டும் மூணாவது மாடில மூலைல தள்ளக்கூடாதுன்னு. துணிக்கடைல "உங்க சைஸ் மேல இருக்கும் மேடம்"னு கை காட்டப்பட்டவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். சரி, இப்ப அடுத்த காட்சி. மூணே மாசம் கழிச்சு, 2017 ஜனவரில, அதே குளோயி டிவில ஒரு ஷோ ஆரம்பிக்குது. உடம்பக் குறைச்சு, உங்கள விட்டுட்டுப் போனவன் முன்னாடி போய் நின்னு பழி வாங்குங்கன்னு. தலைப்புலயே பழின்னு இருக்கு. ஒரு கைல எந்த சைஸும் அழகுதான்னு ஜீன்ஸ், இன்னொரு கைல குறைச்சாத்தான் ஜெயிச்சன்னு ஷோ. அப்புறம் 2021ல எடிட் பண்ணாத ஒரு சாதாரண போட்டோ தெரியாம வெளில வந்ததுக்கு அத இன்டர்நெட்லேருந்தே எடுக்கச் சொல்லி வக்கீல் வரைக்கும் போனாங்க. அந்தப் போட்டோல அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, அதுதான் பாவமா இருந்துச்சு எனக்கு. பிராண்டுக்கு தைரியம் இருக்கலாம், உடம்புக்குச் சொந்தக்காரிக்கு அது வந்து சேரணும்னு கட்டாயம் இல்ல.

பாடி பாசிடிவிட்டின்னு இப்ப சொல்றோமே, அதத் தமிழ்ல சிலபேரு "உடல் நேர்மறை"ன்னு எழுதுறாங்க, படிக்கும்போது ஏதோ ப்ளட் டெஸ்ட் ரிசல்ட் வந்த மாதிரி இருக்கு. அதோட ஆரம்பம் இவ்வளவு பளபளப்பா இல்ல. 1967ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல 500 பேரு கூடி, டயட் புத்தகத்தயும் ட்விக்கிங்கற ஒல்லி மாடல் போட்டோவயும் கொளுத்தி, ஐஸ்க்ரீம் சாப்பிட்டு ஒரு போராட்டம். 1969ல பில் ஃபேப்ரேங்கற ஒரு இன்ஜினியர், தன் பொண்டாட்டிய குண்டுன்னு உலகம் நடத்துற விதம் பொறுக்காம ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாரு, அது இன்னைக்கும் நாஃபாங்கற பேர்ல இருக்கு. 1973ல லாஸ் ஏஞ்சலஸ் பொண்ணுங்க ஒரு குரூப்பு அறிக்கை எழுதுது, வேலைல, பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரில சம உரிமை வேணும்னு. அதுல எதிரின்னு பேரு சொல்லி எழுதினது யார தெரியுமா, எடை குறைக்கிறோம்னு காசு பாக்குற தொழில்கள. டயட் கிளப்பு, டயட் புக்கு, டயட் டாக்டர். அவங்க கேட்டது பஸ்ல உக்கார சீட்டு, வேலைக்கு எடுக்கிறப்ப நியாயம், டாக்டர் நம்மள முழுசா பரிசோதிக்கிறது. உன்ன நீ நேசின்னு யாரும் கேக்கல. நேசிக்கிறது நம்ம சொந்த விஷயம், சீட்டு ஊர் விஷயம்.

அது எப்படியோ அம்பது வருஷத்துல சந்தா, ஜீன்ஸ், உள்ளாடைன்னு வந்து நிக்குது. உரிமை வாங்குறது கஷ்டம், லெக்கிங்ஸ் வாங்குறது சுலபம்.

சரி, ஹெல்த் விஷயத்துக்கு வரேன், இல்லன்னா கீழ வந்து எல்லாரும் அதத்தான் கேப்பீங்க. விட்னி மேல எப்பவும் இருக்கிற குத்தம், இவ உடல் பருமனப் புகழ்ந்து பேசுறா, சின்னப் பொண்ணுங்களக் கெடுக்குறாங்கறது. ஷோவ ஒழுங்கா பாத்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. முதல் சீசன்லயே டாக்டர் சுகர் வர்ற கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கன்னு சொல்றாரு, அவ முகம் தொங்கிப்போகுது, அதயும் காட்டுறாங்க. படி ஏறுனா மூச்சு வாங்குறது, ப்ளேன் சீட்டுல பெல்ட் பத்தாதது எல்லாம் இருக்கு. அவ சொல்றது ஒண்ணுதான், நான் ஆரோக்கியமா இருந்தாத்தான் என்கிட்ட மரியாதையா பேசுவேங்காதீங்க. சிகரெட் புடிக்கிற மாமாகிட்ட கல்யாண வீட்டுல யாரும் நுரையீரலப் பத்திப் பேசுறதில்ல, குண்டா ஒரு பொண்ணு பந்தில உக்காந்தா மட்டும் அத்தன பேரும் டாக்டர்.

அதே சமயம் இந்த பாசிடிவிட்டி ஆளுங்ககிட்டயும் எனக்கு ஒரு கோபம் உண்டு. முட்டி வலிக்குதுன்னு சொன்னா "அப்படிப் பேசாத, உன் உடம்ப லவ் பண்ணு"ங்கறது. வலிக்குதுங்க! மூணு மாச சுகர் டெஸ்ட்டுல நம்பர் ஏறும்போது எனக்கு கண்ணாடி முன்னாடி நின்னு ஐ லவ் யூ சொல்ல வரல, சொல்லவும் வேணாம். என் உடம்ப எனக்குப் பல நாள் பிடிக்காது. பிடிக்காத நாள்லயும் அத வெளில கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான் விஷயம். விட்னிகிட்ட நான் எடுத்துக்கிட்டது அதத்தான். அவ பேச்ச விட அவ ஆட்டம் எனக்கு ஒட்டுச்சு. குறைஞ்சதும் ஆடுறேன்னு அவ சொல்லல. எப்பவோ ஒருதடவ 100 பவுண்டு குறைச்சா, ஊரே மெச்சுச்சு, திரும்ப ஏறிருச்சு. ஏறுனப்புறம்தான் அந்த வீடியோவே போட்டா. எனக்கு அந்த வரிசைதான் முக்கியம்.

நான் என்னெல்லாம் தள்ளிப் போட்டேன்னு ஒருநாள் உக்காந்து யோசிச்சேன். நீச்சல் கத்துக்கிறது. ஸ்லீவ்லெஸ். ஃபோட்டோ. எங்க குடும்ப ஆல்பத்துல கடந்த பத்து வருஷத்துல நான் முழுசா இருக்கிற போட்டோ மூணுதான். மத்ததுல யாரோட குழந்தையவாவது தூக்கி முன்னாடி வச்சுக்கிட்டு நிப்பேன், இல்லன்னா கடைசி வரிசை, இல்லன்னா "நான் எடுக்குறேன் நீங்க நில்லுங்க". குழந்தைங்க எல்லாம் வளந்து என் தோளுக்கு மேல போயிருச்சுங்க, இப்ப மறைச்சுக்க ஆளில்ல.

ஷோவுல விட்னிக்கு அடுத்தபடியா எனக்குப் பிடிச்சது அவ அம்மா பேப்ஸ். பார்பராங்கற பேரோட சுருக்கம். வெள்ளை முடி, கோமாளித்தனமான பாட்டு, கேமரா இருக்குன்னு மறந்துட்டு பேசுற பேச்சு. மக எடையப் பத்தி அவங்களுக்குக் கவலை இல்லாம இல்ல, அத சொல்லியும் இருக்காங்க, ஆனா மக ஆடும்போது முதல் வரிசைல உக்காந்து வாயெல்லாம் பல்லா பாத்துட்டிருப்பாங்க. பக்கவாதம் வந்து, தேறி, திரும்ப வந்து, 2022 டிசம்பர்ல போய்ச்சேந்தாங்க. அந்த சீசன் எபிசோடுங்கள நான் ஒரே மூச்சா பாக்கல, விட்டு விட்டுத்தான் பாத்தேன்.

எங்கம்மாவும் அப்படித்தான். "இன்னும் ஒரு தோசை வச்சுக்க, என்னடி சாப்பிடுற நீ, கொறிக்கிற"ன்னு தட்டுல போடுவா. போட்ட கையோட, "ஏண்டி இப்படி பெருத்துட்டே போற, உன் வயசுல நான் எப்படி இருந்தேன் தெரியுமா"ம்பா. அதே தோசை, அதே நிமிஷம். ரெண்டும் பாசம்தான்னு இப்ப புரியுது, அப்ப எதுக்கு பதில் சொல்றதுன்னு தெரியாம தோசைய மட்டும் சாப்பிடுவேன்.

கடைசியா ஒண்ணு. சமீப சீசன்ல விட்னி மெலிஞ்சிருக்கா, பாத்தாலே தெரியும். இப்ப அங்க ஊசி காலம். செமாக்ளூடைடுங்கற மருந்து 2017ல சுகருக்குன்னு வந்துச்சு, 2021ல எடை குறைக்கவும் அனுமதி குடுத்தாங்க, அதுக்கப்புறம் ஹாலிவுட்ல பாசிடிவிட்டி பேசின பாதி பேரு சத்தமில்லாம பாதி ஆளா ஆயிட்டாங்க. விட்னிகிட்டயும் கமெண்ட்ல அதே கேள்விதான், ஊசியா, ஆபரேஷனான்னு. குண்டா இருந்தப்ப "இப்படியே இருந்தா செத்துருவ"ன்னு எழுதினவங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம் "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு அழுற ரசிகைங்க. ஷோ பேருலயே பிக், ஃபேட் ரெண்டும் இருக்கே, அவ குறைஞ்சா பேரு பொய்யாகுது, கூடினா உடம்பு கெடுது. இவ்வளவு பேருக்கு தன் எடைல பங்கு குடுத்துட்டு ஒருத்தி எப்படி மெஷின்ல ஏறி நிப்பான்னு தெரியல.

எனக்கும் ஒரு நிமிஷம் சுருக்குன்னுதான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். நம்ம ஆளு கட்சி மாறிட்ட மாதிரி. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அவ குண்டா இருக்கிறது என் தைரியத்துக்காகவா? அவ முட்டி, அவ சுகர், அவ இஷ்டம்.

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம் வந்துச்சு. அரக்குக் கலர் புடவை ஒண்ணு ரொம்ப நாளா மடிச்சே கிடக்குது, அத கட்டணும்னு தோணுச்சு. அந்தப் பைய இறக்கி ஏழு பிளவுஸயும் எடுத்துக்கிட்டு டெய்லர் அக்காகிட்ட போனேன். அளவெடுக்கும்போது நான் பழக்கத்துல வயித்த உள்ள இழுத்தேன், "மூச்ச விடுங்க, அப்புறம் கல்யாணத்துல சாப்பிட முடியாது"ன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு பிளவுஸா உள்பக்கம் திருப்பிப் பாத்தாங்க. மூணுல தாராளமா துணி விட்டிருக்கு, ரெண்டு தையல் பிரிச்சா போதும். ரெண்டுல அக்குள்ல ஒட்டு வைக்கணும். மிச்ச ரெண்ட ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஒதுக்கி வச்சுட்டாங்க.

அரக்குப் பிளவுஸ அங்கயே பிரிச்சுக் காட்டினாங்க. வெளிப்பக்கம் வருஷக்கணக்குல கொஞ்சம் மங்கியிருக்கு, உள்ள மடிச்சு விட்டிருந்த துணி மட்டும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி பளிச்சுனு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை அகலத்துக்கு கோடு மாதிரி தெரியும்க்கா, பரவால்லயான்னு கேட்டாங்க. கைய தூக்கினா மட்டும்தானே தெரியும், தைச்சுருங்கன்னேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வாங்கிக்கச் சொன்னாங்க.